சுற்றுமுற்றும் ஒரு கண்

சூழல் விழிப்பு என்பது, நிற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்து, அதன் பொருளைப் புரிந்துகொண்டு, அடுத்து என்ன நடக்கக்கூடும் என்பதை ஒரு படி முன்னதாகவே ஊகிப்பது. விமானிகளின் வேலையை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் மிக்கா எண்ட்ஸ்லி 1995இல் இதைப் பார்த்தல், புரிதல், முன்னறிதல் என்று மூன்று படிகளாகப் பிரித்தார். விமானத்துக்குச் சொன்னது மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி கடைத்தெருவுக்கும் பொருந்தும். இரண்டு பேர் ஏறிய மோட்டார் ஒன்று ஓரமாக வருவதைக் கண்ணில் வாங்குவது முதல் படி. முன்னால் சாலை காலியாக இருந்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை, பின்னால் இருப்பவர் கடைகளை விட்டுவிட்டு நடந்து போகும் பெண்களின் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று புரிவது இரண்டாவது. வண்டி திரும்பி வருவதற்குள் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று தோன்றுவது மூன்றாவது. வழிப்பறிக்கு ஆளானவர்கள் பலர் வண்டியை முன்பே பார்த்திருக்கிறார்கள். முதல் படி ஏறியவர்கள் இரண்டாவதில் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பயத்தோடு குழப்பிக்கொள்வது சகஜம். பயந்தவர் எல்லாரையும் பார்ப்பார், ஒருவரையும் சரியாகப் பார்க்கமாட்டார். அமெரிக்க முன்னாள் மரைன் படைவீரர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நிறக் கணக்கு இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. சுற்றிலும் நடப்பது எதுவும் தெரியாத நிலை வெள்ளை. பதற்றமில்லாமல் கண்ணும் காதும் திறந்திருக்கும் நிலை மஞ்சள். குறிப்பிட்ட ஒன்றில் கவனம் குத்தி நிற்பது ஆரஞ்சு. செயலில் இறங்குவது சிவப்பு. வீட்டுக்கு வெளியே மனிதருக்கு மஞ்சள் போதும். நாள் முழுக்க ஆரஞ்சில் இருக்க யாராலும் முடியாது.

மஞ்சளில் இருப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது அந்த இடத்தின் வழக்கம். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். கெடாவின் பழைய தோட்டக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

கித்தா எனும் ரப்பர்த் தோட்டத்தின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு இருட்டாக, நெற்றி விளக்கோடு மரம் வெட்டத் தொடங்குவார்கள். முற்பகல் முடிவதற்குள் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். பிற்பகலில் வேலைக்காடு வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே விடிகாலை ஐந்தரைக்கு மரத்தடியில் ஆள் நடமாடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் மாலை நான்கு மணிக்குச் சாக்கோடு ஒருவர் நின்றால், அவர் மங்குகளில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலுக்கு வந்தவராக இருக்கலாம். வெட்டுப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலும் காசுதான். கித்தா வாங்கும் வியாபாரிக்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் உரிமம் வேண்டும். திருடிய பால் போவதோ எதுவும் கேட்காமல் வாங்கும் இடத்துக்கு. செம்பனைத் தோட்டத்திலும் இதே கணக்குத்தான். பழக்குலை லோரி பகலில் ஓடும். விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஓடும் லோரிக்கு வேறு வேலை இருக்கிறது.

வரிசை வீடுகளின் பக்கம் காவல் இன்னும் நெருக்கமாக இருந்தது. தோட்டத்து முகப்பில் ஜாகா எனும் காவலாளி இருப்பார். அவரைத் தாண்டி உள்ளே வந்தாலும், பொதுக் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்களைத் தாண்டமுடியாது. "அண்ணே, யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று ஒரு கேள்வி வரும். வந்தவர் பெயர் சொன்னால், "அவுங்க பெரிய மகளுக்குத்தானே போன மாசம் கல்யாணம்?" என்று அடுத்தது வரும். இது விசாரணை போலவே தோன்றாது. உறவாடுவது போலத்தான் இருக்கும். உண்மையான விருந்தாளி அதில் மகிழ்ந்துபோவார். வேறு நோக்கத்தோடு வந்தவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே வார்த்தை இடறும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையிலும் அப்படித்தான். எந்தக் குழந்தையை யார் விட்டார், யார் வந்து தூக்கிப்போவார் என்பது ஆயாவுக்கு மனப்பாடம். புதிதாக ஒரு சித்தப்பா முளைத்து வந்து நின்றால், தாயை வரச்சொல்லி ஆள் போகும்.

அந்தக் கண் எப்போதும் அன்பான கண்ணாக இருந்ததில்லை. எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு பேசினான், யார் சங்கத்துக்கூட்டத்துக்குப் போனார் என்பதையும் அதே கண்தான் பார்த்தது. சில சமயம் ஆபீஸ் வரை சொல்லியும் வைத்தது.

மேலிருந்து வந்த கண்காணிப்பு அதைவிடக் கடுமையானது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, சிறப்புக் காவலர்கள் காவலுக்கு வந்தார்கள், அடையாள அட்டை 1948இல்தான் நடைமுறைக்கு வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக, வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப்போவதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. பால்வெட்டுக்காரர்கள் இரு தரப்புக்கும் நடுவே நசுங்கினார்கள். ஒரு செயலைப் பார்த்து எழும் சந்தேகமும், ஒரு கூட்டத்தையே சந்தேகப் பட்டியலில் வைப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தலைமுறை அனுபவித்தே அறிந்தது.

1980களிலும் 90களிலும் கித்தா செம்பனையாகவும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவும் மாற மாற, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. 1996இல் தொடங்கிய கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா பல மாநிலங்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் ஆட்களை இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஷிப்ட், எதிர்வீடு வாடகைக்கு, மூலைவீட்டில் யாரென்றே தெரியாது. முகங்களை மனப்பாடம் செய்து காவல் காத்த முறை இங்கே செல்லுபடியாகாது. ஆட்களைத் தெரியாவிட்டாலும் இடத்தின் போக்கைத் தெரிந்துகொள்ள முடியும். டவுன் வாழ்க்கையில் விழிப்பு என்பது பெரும்பாலும் அதுதான்.

கோயில் திருவிழா இதற்கு நல்ல பாடம். சுங்கை பட்டாணி சுப்பிரமணிய சுவாமி ஆலயத்தின் சித்ரா பௌர்ணமியைப் போன்ற கூட்டத்தில் தள்ளுமுள்ளு வழக்கம், வியர்வை வழக்கம், முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்து நிற்பதும் வழக்கம். இவற்றில் எதையும் வைத்து ஒருவரைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் தீபாராதனை காட்டும் நொடியில் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் பார்க்கிறது. கைகள் தலைக்கு மேலே போகின்றன, முந்தானை விலகுவது யாருக்கும் தெரிவதில்லை. அந்த நேரத்தில் சாமியைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர்களின் கழுத்தைப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால், அவர்தான் கவனிக்க வேண்டியவர். ரதம் நகரும்போது கூட்டத்தோடு நகராமல் எதிரே திரும்பத் திரும்ப வருபவர். இடம் இருக்கும்போதும் ஒட்டி நிற்பவர். ஒருவர் தடுக்கி விழ, இன்னொருவர் தூக்கிவிட, மூன்றாமவர் பின்னால் நெருங்கும் சின்ன நாடகம், இவையும் அந்த வகை. தாலிக்கொடியைச் சட்டைக்குள் ஊக்குக் குத்தி வைக்கும் பாட்டிமார்களின் பழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சாலையில் ஓடும் மோட்டாரிலிருந்து கைப்பையையோ சங்கிலியையோ பறிக்கும் ராகுட் திருட்டுக்கும் அடையாளங்கள் உண்டு. நம்பர் பிளேட் மடங்கியோ மறைக்கப்பட்டோ இருப்பது, ஒருமுறை கடந்த வண்டி மறுபடி வருவது, என்ஜினை அணைக்காமல் சந்து முனையில் காத்திருப்பது. மலேசியாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், நடப்பவர் வலப்பக்கமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடந்தால் பின்னாலிருந்து வண்டியில் வந்து பறிப்பது எளிதல்ல. பை சாலைப் பக்கத் தோளில் இருக்கக்கூடாது. பறித்துவிட்டால் விட்டுவிடுவதுதான் சரி. இழுபறியில் தரையில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தவர்கள் இந்நாட்டில் பலர். பைக்குள் இருந்தது எதுவும் அதற்கு ஈடாகாது.

வங்கியில் வழக்கம் இன்னும் எளிது: வருபவர் வரிசையில் நிற்பார், வேலையை முடிப்பார், போவார். எந்த வரிசையிலும் சேராமல், யார் எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனில் பேசுபவர் அதில் பொருந்துவதில்லை. பணம் எடுத்துவிட்டுக் காரில் ஏறிய சிறிது தூரத்தில் டயரில் காற்று இறங்குவதும், உதவிக்கென்று உடனே இருவர் வந்து நிற்பதும் பழைய தந்திரம். கதவைப் பூட்டிக்கொண்டு, மெதுவாகவாவது பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிவிட வேண்டும். டயர் கெட்டால் கெடட்டும்.

வீட்டு வாசலில், மின்சார நிறுவனத்திலிருந்தோ குடிநீர் நிறுவனத்திலிருந்தோ வந்ததாகச் சொல்பவரிடம் கிரில்லைத் திறக்காமலேயே பணி அட்டையைக் கேட்கலாம். பெரும்பாலான தாமான் வீடுகளில் மீட்டர் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வந்தவருக்குப் படுக்கையறைப் பக்கம் என்ன வேலை?

இத்தனை சொன்ன பிறகு, சந்தேகத்துக்கு எது ஆதாரமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான் அதிகம். தோல் நிறம், பேசும் மொழி, பச்சை குத்திய கை, கசங்கிய சட்டை எதுவும் நடத்தை ஆகாது. நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்குக் கிடைத்த ஒரு நாள் ஓய்வு. அவர்களைச் சுற்றிப் போகிற பெண்மணி, நல்ல சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து ஏடிஎம் இயந்திரத்தில் தன் தோளுக்குப் பின்னால் நிற்பவரை விட்டுவிடுகிறார். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழர்களைக் கடைக்காரர்கள் பார்த்த பார்வையும் இதுதான் என்பதை நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

முகக்குறியை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு ஆவணங்களைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, பொய்யையும் மெய்யையும் மனிதர்கள் பிரித்தறிவதில் சரியாக அமைவது சராசரியாக நூற்றுக்கு 54. காசைச் சுண்டினாலே ஐம்பது கிடைக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பதற்றத்தைப் பார்த்து ஆபத்தானவர்களை அடையாளம் காண ஒரு திட்டம் 2007 முதல் முழுமையாக நடந்தது. சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகு, அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2013இல் அதை ஆராய்ந்து, அது பலனளிப்பதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை கொடுத்தது. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கே இந்த நிலை. நகம் கடிப்பவரும் வியர்ப்பவரும் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவராக இருக்கலாம்.

சந்தேகம் கூட்டத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம், வடநாட்டுப் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பரவிக்கொண்டிருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் வந்தது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் அதில் இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் செய்தி பரப்ப, ஊர் திரண்டு வண்டியை மடக்கியது. அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அந்நியர் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது கவனிக்கத்தக்கதுதான். கவனித்தவர் "யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டிருந்தால், கோயில் பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

கவனிக்காமல் விடுவதற்கும் காரணங்கள் உண்டு. முதல் காரணம் கையிலிருக்கும் போன். கண் எதிரே நடப்பதுகூட வேறொன்றில் மூழ்கிய மூளைக்கு எட்டாது என்பதை டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோரின் 1999ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது. பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லப்பட்டவர்களில் சுமார் பாதிப்பேர், நடுவே கொரில்லா உடையில் ஒருவர் நடந்துபோனதைக் காணவில்லை. மற்றொன்று, கூட்டமே ஒரு சாக்காக ஆகிவிடுவது. ஜான் டார்லி, பிப் லட்டானே 1968இல் நடத்திய ஆய்வில், வலிப்பு வந்து தவிப்பவரின் குரலைத் தான் மட்டும் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியபோது அது 31 ஆகக் குறைந்தது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் நூறு பேர் நடுவே கத்துபவருக்கு உதவ ஒருவரும் வராததன் காரணம் கல்நெஞ்சம் என்பதைவிட இதுதான். உதவி வேண்டுபவர் பொதுவாகக் கத்துவதைவிட, "நீலச் சட்டை அண்ணே, போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்று ஆளைச் சுட்டிக் கூப்பிட்டால் பலன் கிடைக்கும்.

சந்தேகம் தட்டினால் முதலில் செய்ய வேண்டியது தூரத்தைக் கூட்டுவது. சாலையின் மறுபக்கம் மாறலாம், ஆள் உள்ள கடைக்குள் நுழையலாம். பின்தொடரப்படுவதாகத் தோன்றினால் நேரே வீட்டுக்குப் போய் வீட்டைக் காட்டிக்கொடுக்காமல் போலீஸ் நிலையத்துக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போகலாம். ஒருவரை மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் தனிக் குற்றம். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். இன்னும் எதுவும் நடக்கவில்லையே என்று புகார் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது நினைவில் பதிப்பது. வண்டி எண்ணில் முதல் எழுத்து மாநிலத்தைச் சொல்லும்: கெடாவுக்கு கே, லங்காவிக்கு கேவி, பினாங்குக்கு பி, பேராக்குக்கு ஏ, பெர்லிஸுக்கு ஆர். முழு எண்ணும் பிடிபடாவிட்டால் கடைசி இரண்டு இலக்கமும் வண்டியின் நிறமும் போதும். ஆளைத் தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பார்ப்பது நல்லது; சட்டையைக் கழற்றி எறிவார்கள், செருப்பை மாற்றுவது குறைவு.

பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பைக்கு, பிரிட்டிஷ் ரயில்வே போலீசார் மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா, கம்பியோ திரவமோ தெரிந்து வெளிப்படையாகவே சந்தேகம் தருகிறதா, அந்த இடத்தில் வழக்கமாகக் காணப்படும் பொருளா. சுங்கை பட்டாணி ரயில் நிலைய இருக்கையில் கிடக்கும் துணிப்பை பெரும்பாலும் யாரோ மறந்தது. தூணுக்குப் பின்னே செருகி வைத்ததென்றால் தொடாமல் விலகி நின்று ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

அவசர எண் 999. பிறகு புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, தன் கண்முன்னே ஜாமீனில் விடமுடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைப் பிடிக்கப் பொதுமக்களுக்கும் அதிகாரம் தருகிறது. தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. கட்டிவைத்து அடிக்கவோ படம் எடுத்துப் பரப்பவோ அதில் இடமில்லை. அடித்தவர் மேல்தான் வழக்கு வரும். ஊகத்தை வாட்ஸ்அப் குழுவில் செய்தியாக அனுப்புபவரும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் சிக்கலாம்.

ஒரு தாமானே சேர்ந்து கவனிப்பதற்கு ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. 1975 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஜப்பானியச் செம்படையினர் பிணையாளிகளைப் பிடித்ததும், தேசிய நினைவுச் சின்னம் குண்டுவைத்துச் சிதைக்கப்பட்டதும் நடந்தபோது அரசு கொண்டுவந்த அண்டைவீட்டார் காவல் முறை அது. இன்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. இரவு ரோந்து தன்னார்வ அடிப்படையில் நடக்கிறது. நன்றாக நடக்கும் இடங்களில் ரோந்தைவிடப் பயன்படுவது, பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரும் வண்டியும் ஒருவருக்கொருவர் தெரிந்திருப்பது.

புகார் கொடுக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதைப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, அதைச் சொன்னவருக்கே படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு கூறுகிறது. தோட்டத்திலிருந்து வரும் முதியவர்கள் பலர், மலாயில் எழுதியதைத் தட்டிக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிதானமாகப் படிக்கக் கேட்டு, புரியாவிட்டால் மலாய் தெரிந்த மகனையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாள், நேரம், இடம், வண்டி எண் நான்கும் சரியா என்று பார்த்த பிறகு கையெழுத்திட்டு, புகாரின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.